எழுத்து பேச்சுக்கு முந்தியது என்று தெரிதா சொன்னாரா? கட்டவிழ்ப்பு வாசிப்பு தேறியதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

1. சிறுகோடு

எல்லாருக்கும் வணக்கம். பிரெஞ்சு மெய்யியலாளர் தெரிதா பற்றி இரண்டு சந்தேகம்.

'ஆஃப் கிரமட்டாலஜி'யில் (1967) பேச்சுக்கு முன்பே எழுத்து இருக்கிறது என்பதுபோல் வருகிறது. உருக் நகரத்துக் களிமண் பலகைகள் கி.மு. 3300 வாக்கில்தான். அதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே மனிதர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். குழந்தையும் பேசிவிட்டுத்தான் எழுதக் கற்கிறது. எழுத்துரு இல்லாத மொழிகள் ஏராளம். அப்படியானால் வாதம் முதல் அடியிலேயே சறுக்குகிறதே?

அடுத்தது கட்டவிழ்ப்பு, அதாவது ஒரு நூல் போடும் உயர்வு – தாழ்வு வரிசை அதன் சொந்தச் சொற்களாலேயே குலைவதைக் காட்டும் வாசிப்பு. கண்டதையெல்லாம் 'கட்டவிழ்த்துவிட்டேன்' என்கிறார்கள். ஒரு வாசிப்பு தேறுகிறதா தேறவில்லையா என்று உரசிப் பார்க்க ஏதாவது உண்டா? செய்முறையாகச் சொல்லுங்கள். 'அது ஒரு முறையே அல்ல' என்ற பதில் மட்டும் வேண்டாம், அது எங்கே பார்த்தாலும் கிடைக்கிறது.

2. ஓலைநறுக்கு

காலவரிசை அவருடைய கேள்வியே இல்லை நண்பரே. குழந்தை முதலில் பேசுகிறது என்பதை அவர் எங்கும் மறுக்கவில்லை. அரிஸ்டாட்டில் தொடங்கி வரும் ஒரு படிநிலையைத்தான் கிண்டுகிறார்: மனப்பதிவுக்குக் குறி பேச்சொலி, பேச்சொலிக்குக் குறி எழுத்து. ஆக எழுத்து என்பது குறியின் குறி, இரண்டாங்கைச் சரக்கு.

எழுத்தின்மேல் மரபு சுமத்தும் குற்றச்சாட்டுகளைத் தனித்தாளில் எழுதிப் பாருங்கள். எழுதியவர் போன பிறகும் அது வேலை செய்யும். யார் கையில் வேண்டுமானாலும் சிக்கும். கேள்வி கேட்டால் சொன்னதையே திருப்பிச் சொல்லும். ஒலியோடும் எண்ணத்தோடும் அதற்கு இயல்பான ஒட்டுறவு கிடையாது, வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. இந்தப் பண்புகள் இல்லாமல் பேச்சு பேச்சாக இருக்க முடியுமா என்பதே தெரிதாவின் கேள்வி. முடியாது என்றால், 'எழுத்தின் குறை' என்று ஒதுக்கியது குறி என்ற ஒன்று இயங்குவதற்கான நிபந்தனையாகிவிடுகிறது. அந்த நிபந்தனைக்கு அவர் வைத்த பெயர் ஆதி எழுத்து. களிமண் பலகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சுவிஸ் மொழியியலாளர் சசூரை எடுத்துக்கொள்ளுங்கள். 'பொது மொழியியல் பாடங்கள்' (1916) நூலில் எழுத்து பற்றி ஒரு தனி அதிகாரமே உண்டு. எழுத்து மொழியின் ஆடை அல்ல, மாறுவேடம் என்கிறார். பறவைக்கான பிரெஞ்சுச் சொல்லைக் காட்டுகிறார்: உச்சரிப்பு 'வாஸோ'. எழுதினால் அந்த ஒலிகளில் ஒன்றுக்குக்கூட அதற்குரிய எழுத்து வருவதில்லை. அடுத்த எடுத்துக்காட்டு இன்னும் சுவையானது. 'லெஃபேவ்ர்' என்று ஒரு குடும்பப் பெயர். கொல்லரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. படித்தவர்கள் லத்தீன் வேரை நினைவூட்ட நடுவில் ஒலிக்காத 'ப' எழுத்தைச் செருகினார்கள். பழைய கையெழுத்தில் 'வ' ஒலிக்கும் 'உ' ஒலிக்கும் ஒரே வடிவம். விளைவு, அந்தப் பெயரை 'லெஃபேபூர்' என்று படிக்க ஆரம்பித்தார்கள், அந்த உச்சரிப்பே நிலைத்தும் விட்டது. எழுத்துப்பிழை ஒலியையே மாற்றிவிட்டது! சசூருக்கு இது பொறுக்கவில்லை. எழுத்தின் கொடுங்கோன்மை என்கிறார். இவை பிறவிக்கோளாறுகள், மொழியியல் இவற்றைத் தனி அறையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்.

அதே ஆள், அதே நூலில், மொழிக்குறியின் மதிப்பு எப்படி உருவாகிறது என்று விளக்கும் இடத்தில் எதை எடுத்துக்காட்டாகக் கூப்பிடுகிறார்? எழுத்தை! 'ட' ஒலிக்கான ஐரோப்பிய எழுத்தை ஒருவர் மூன்று விதமாக எழுதலாம், பக்கத்து எழுத்துகளோடு குழம்பாமல் இருந்தால் போதும் என்கிறார். வெள்ளை மையா கறுப்பு மையா, பேனாவா உளியா என்பது பொருட்டே இல்லை என்கிறார். வாசலில் நிறுத்தப்பட்டவர் கூடத்தில் உட்கார்ந்து பாடம் நடத்துகிறார்.

தமிழிலும் பார்க்கலாம். கடல், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே 'க', ஒலியோ வேறுவேறு. யாரும் தடுமாறுவதில்லை. அந்த எழுத்து ஒலியைப் படம்பிடிப்பதில்லை, மற்ற எழுத்துகளிலிருந்து தன்னைப் பிரித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

3. கேள்விக்கணை

இதற்கு ஏன் இவ்வளவு சுற்று? எழுத்தைக் கண்டித்த பிளேட்டோ அந்தக் கண்டனத்தை எழுத்தில்தான் எழுதினார். முரண்பாடு. கட்டவிழ்ந்தது. முடிந்தது கதை.

4. ஓலைநறுக்கு

அது கட்டவிழ்ப்பு இல்லை, மடக்கிக் கேட்பது. பிளேட்டோவிடம் பதில் தயாராக இருக்கிறது: எழுத்தைக் கண்டிக்கும் அதே 'ஃபீட்ரஸ்' உரையாடலில், பக்கம் 276டி. தெரிந்தவன் விளையாட்டாக எழுதுவான், மறதி வரும் முதுமைக்கு நினைவுக்குறிப்பாகச் சேர்த்து வைப்பான் என்கிறார் சாக்ரடீஸ். எழுதுவதைத் தடைசெய்யவே இல்லை. அவரே பதில் சொல்லிவிட்ட கேள்வியைக் கேட்டு அவரை வீழ்த்தியதாக நினைப்பது வாசிப்பாகாது.

5. மெய்ப்பாளர்

செய்முறை கேட்டீர்கள். தெரிதா ஒரு ஜப்பானிய நண்பருக்கு 1983இல் எழுதிய கடிதத்தில் இது பகுப்பாய்வும் அல்ல, விமர்சனமும் அல்ல, முறையும் அல்ல என்று சொன்னது உண்மைதான். ஆனால் அவருடைய வாசிப்புகளை அடுக்கிப் பார்த்தால் கை ஒரே வரிசையில் போவது தெரியும்.

முதல் வேலை சலிப்பானது, அதனாலேயே எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள். ஆசிரியர் என்ன சொல்கிறார் என்பதை அவரே ஒப்புக்கொள்ளும்படி அரைப் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் கருத்து ஒன்றும் அதில் வரக்கூடாது. 'பிரதிக்கு வெளியே எதுவும் இல்லை' என்று ஆளாளுக்கு மேற்கோள் காட்டுகிறார்களே, அதே பக்கங்களில்தான் ('ஆஃப் கிரமட்டாலஜி'யின் ரூசோ பகுதி, முறை பற்றிய அதிகாரம்) மரபான உரை வாசிப்பு இல்லாவிட்டால் வாசிப்பு எந்தத் திசையிலும் ஓடி எதையும் சொல்லிவிடும் என்று எச்சரிக்கிறார். அது காவல் மட்டுமே, கதவைத் திறக்காது என்றும் சேர்த்துச் சொல்கிறார். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அடுத்து மூலச்சொல். பிளேட்டோவில் எழுத்தைக் குறிக்க வரும் கிரேக்கச் சொல் ஃபார்மக்கான்: மருந்து, நஞ்சு, வசியப்பொருள் எல்லாம் அதற்குள் உண்டு. ஃபீட்ரஸில் வரும் எகிப்துக் கதையில் தியூத் கடவுள் எழுத்தை நினைவுக்கான மருந்து என்று கொண்டுவருகிறார். தாமுஸ் அரசன், இது நினைவுக்கானது அல்ல, நினைவூட்டலுக்கானது என்று திருப்பி அடிக்கிறான். தெரிதா கையில் வைத்திருந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் லியோன் ரோபேன் 'நிவாரணம்' என்று ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துப் போட்டுவிட்டார். சொல் இடத்துக்கு இடம் வேறு வேறாக மொழிபெயர்க்கப்பட்டால் அது ஒரே சொல் என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகும். மூலமொழி தெரியாவிட்டாலும் இருமொழிப் பதிப்பை வைத்து அந்த ஒரு சொல்லை மட்டும் எல்லா இடத்திலும் பென்சிலால் வட்டமிடலாம். 230டி, 274இ, 275ஏ போதும் தொடங்குவதற்கு.

மூன்றாவதாக, எதை உயர்த்தி எதைத் தாழ்த்துகிறார் என்று இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். உயிருள்ளது / செத்தது, உள்ளே / வெளியே, முறையான மகன் / தகப்பனில்லாதவன். அடைமொழிகளை விடாமல் குறியுங்கள், எடை அங்கேதான் இருக்கும்.

பிறகு, தாழ்த்தப்பட்டது எங்கே வேலைக்கு அழைக்கப்படுகிறது என்று தேடுங்கள். முக்கிய வாக்கியங்களில் கிடைக்காது. உவமை, எடுத்துக்காட்டு, அடிக்குறிப்பு, 'ஒருவகையில் சொன்னால்' என்று வரும் இடங்களில் கிடைக்கும். ஃபீட்ரஸில் அது 276ஏ. உயிருள்ள நல்ல பேச்சு எது என்று சொல்லவரும் சாக்ரடீஸ், கற்பவரின் ஆன்மாவில் அறிவோடு *எழுதப்படுவது* என்கிறார்.

இதற்குப் பிறகுதான் சோதனை. அந்த வாக்கியத்தை நீக்கிப் பாருங்கள், அல்லது வேறொன்றைப் போட்டுப் பாருங்கள். வாதம் அப்படியே நின்றால் நீங்கள் கண்டது தற்செயல். வாதம் சாய்ந்தால்தான் விஷயம்.

கடைசியில், தலைகீழாக்கிவிட்டு நின்றுவிடக் கூடாது. 'எழுத்தே உயர்ந்தது' என்று முடித்தால் பழைய படிநிலையை நிறம் மாற்றி வைத்தீர்கள், அவ்வளவுதான். இரட்டை அசைவு வேண்டும் என்று 'பொசிஷன்ஸ்' (1972) பேட்டிகளில் சொல்கிறார்: ஒன்று கவிழ்ப்பது, மற்றது பழைய ஜோடிக்குள் அடங்காத புதிய கருத்துக்கு இடம் தருவது. மாணவர் கட்டுரைகளில் பாதி முதல் அசைவிலேயே படுத்துவிடுகின்றன.

6. எதிர்வழக்கு

மெய்ப்பாளரின் சோதனையை அப்படியே ஏற்றுக்கொண்டு ஓலைநறுக்கின் எடுத்துக்காட்டுகளை அதில் போடுகிறேன். இரண்டும் தோற்கின்றன.

சசூர் எழுத்தை மட்டுமா உவமை காட்டினார்? சதுரங்கத்தையும் காட்டினார். குதிரை தொலைந்துவிட்டால் வேறு எந்தப் பொருளையும் குதிரை என்று வைத்து ஆடலாம், மதிப்பு மாறாது. ஆக எழுத்து உவமையை எடுத்துவிட்டுச் சதுரங்கத்தை வைத்தால் வாதம் அப்படியே நிற்கிறது.

பிளேட்டோவும் அப்படியே. 276பி முதல் 277ஏ வரை 'எழுதப்படும்' என்பதை விட்டுவிட்டு 'விதைக்கப்படும்' என்கிறார். விவசாயி தகுந்த மண்ணில் விதைக்கிறான், விளைகிறது. எழுத்து உவமை இல்லாமலே காரியம் நடக்கிறது. உங்கள் உரைகல்லே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது சார்.

7. மெய்ப்பாளர்

நல்ல அடி. ஆனால் நீங்கள் நீக்கியது சொல்லை. நீக்க வேண்டியது பண்பை.

விதையைப் பாருங்கள். எழுத்தின்மேல் 275இயில் வைத்த குற்றச்சாட்டு என்ன? தகப்பன் பக்கத்தில் இல்லாமல் எங்கெங்கோ உருண்டு திரிகிறது, தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாது. விதை என்ன செய்கிறது? விதைத்தவன் போன பிறகு முளைக்கிறது, வேறு மனிதர்களிடத்தில் வேறு விதைகளைத் தருகிறது. 277ஏயில் அதுதான் அதன் பெருமையாகச் சொல்லப்படுகிறது. எழுதும்போது குற்றமாக இருந்த 'தகப்பன் இல்லாமை' விதைக்கும்போது சிறப்பாகிவிட்டது. உவமை மாறியது, பண்பு போகவில்லை. தெரிதா தன் 1972 நூலுக்கு விதைத்தூவல் என்ற பொருளில் பெயர் வைத்தது சும்மா இல்லை.

சதுரங்கமும் அதே. குதிரை எந்தப் பொருளாக இருந்தாலும் சரி என்றால், மதிப்பு பொருளைச் சார்ந்ததல்ல, வேறொன்றால் ஈடுசெய்யத்தக்கது என்றாகிறது. எழுத்து வெளியாள் என்று சொன்னதற்குக் காரணமே ஒலியோடு அதற்கு இயல்பான பிணைப்பு இல்லை என்பதுதானே?

8. எதிர்வழக்கு

அப்படியானால் நான் எந்த மாற்று உவமையைக் கொண்டுவந்தாலும் 'அதுவும் எழுத்துதான்' என்பீர்கள். பொய்யென்று காட்டவே முடியாத கோட்பாடு ஆகிவிடுமே!

9. மெய்ப்பாளர்

ஆகும், பட்டியலைப் பிறகு நீட்டிக்கொண்டே போனால். அதனால்தான் குற்றப்பட்டியலை முதலிலேயே, ஆசிரியரின் சொந்த வாக்கியங்களிலிருந்து, எழுதிப் பூட்டிவிட வேண்டும். ஃபீட்ரஸிலிருந்து நான் பூட்டுவது நான்கு: நினைவைக் கெடுக்கும், கேட்டால் பதில் சொல்லாது, யாரிடம் பேசுவது என்று தெரியாமல் திரியும், காக்கத் தகப்பன் பக்கத்தில் இல்லை. பிறகு வரும் உவமையில் இவற்றில் ஒன்று இருந்தால் பேசலாம். ஐந்தாவதாக நீங்களே ஒன்றைச் சேர்த்தால் ஆட்டம் செல்லாது. விதையில் முதலாவது இல்லை, நான்காவது தெளிவாக இருக்கிறது. நான்காவதைப் பற்றி மட்டும் பேசுவேன்.

10. ஓலைநறுக்கு

சசூர் விஷயத்தில் எதிர்வழக்குக்கு ஒரு புள்ளி கொடுக்கலாம். அந்த எழுத்து உவமை கண்ணைப் பறிக்கிறதே தவிர, சுமையைத் தாங்கும் தூண் அது அல்ல. தூண் வேறிடத்தில் இருக்கிறது. எழுத்து அதிகாரத்தில், ஒலியின் பிணைப்பே இயற்கையான பிணைப்பு, அது ஒன்றே உண்மையானது என்கிறார். குறி இடுகுறித்தன்மை உடையது, அதாவது பொருளோடு அதற்கு இயல்பான பிணைப்பு இல்லை என்பதோ அவருடைய முதல் விதி. மதிப்பு பற்றிய அதிகாரத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: ஒலி என்பது பருப்பொருள், அது தன்னளவில் மொழியைச் சேர்ந்ததாக இருக்கவே முடியாது, குறிப்பான் (பொருளைச் சுட்டும் வடிவம்) சாராம்சத்தில் ஒலி சார்ந்ததல்ல.

மூன்றையும் ஒரே மேசையில் வையுங்கள். குறிப்பானின் சாராம்சம் ஒலி அல்ல என்றால், ஒலிக்கு 'உள்ளே' என்றும் எழுத்துக்கு 'வெளியே' என்றும் இடம் ஒதுக்க என்ன ஆதாரம் மிச்சம்? இந்த வாதத்துக்கு உவமையே தேவையில்லை. பட்டியலில் பூட்டிய 'இயல்பான ஒட்டுறவு இல்லை' என்ற குற்றச்சாட்டு, சசூரின் சொந்த விதிப்படி ஒலிக்கும் பொருந்துகிறது.

11. ஒலிப்பதிவு

மொழியியல் பக்கத்திலிருந்து ஒரு சொல். சசூர் எழுத்தை விலக்கியதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. ஒலி வரலாறு எழுதுகிறவர் எழுத்துக்கூட்டலை நம்பினால் கெட்டார். மேலே சொன்ன லெஃபேவ்ர் கதையே சாட்சி. இது ஆய்வு ஒழுங்கு, மெய்யியல் பாவம் அல்ல. இன்னொன்று, 'பாடங்கள்' அவர் எழுதிய நூலே இல்லை. அவர் 1913இல் இறந்தார். பாய், செஷெஹாய் இருவரும் மாணவர் குறிப்புகளிலிருந்து தொகுத்தது. நூலின் புகழ்பெற்ற கடைசி வாக்கியம்கூட பதிப்பாசிரியர்கள் சேர்த்தது. 1996இல் ஜெனீவாவில் அவருடைய கையெழுத்துப் படிகள் கிடைத்து 2002இல் அச்சாயின. தெரிதா கட்டவிழ்த்தது சசூரையா, பாய் – செஷெஹாயையா?

12. ஓலைநறுக்கு

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுருக்கமானது: 1916 பிரதியை. இருபதாம் நூற்றாண்டு அமைப்பியலை உருவாக்கியது அந்தப் பிரதிதான், கையெழுத்துப் படிகள் அல்ல. 'சசூர் என்ற மனிதர் இப்படி நினைத்தார்' என்று எழுதினால் உங்கள் ஆட்சேபம் செல்லும். வாசிப்பை எழுதும்போது இந்த வேறுபாட்டை முதல் பத்தியிலேயே போட்டுவிடுவது நல்லது.

முதலாவது இன்னும் கனமானது. ஆய்வு வசதிக்காக விலக்கினால் 'இந்த ஆய்வில் எழுத்துக்கூட்டலைச் சான்றாகக் கொள்ளமாட்டேன்' என்று ஒரு வரி போதும். கொடுங்கோன்மை, மாறுவேடம், பிறவிக்கோளாறு என்ற சொற்கள் எதற்கு? விலக்கலிலிருந்து வசைக்கு ஏறும் அந்த ஒரு படியில்தான் தெரிதா கை வைக்கிறார். விலக்கலோடு அவருக்குச் சண்டை இல்லை.

13. எதிர்வழக்கு

சசூரை விடுங்கள். எனக்கு உண்மையான தகராறு தெரிதாவின் 'சிக்னேச்சர் ஈவன்ட் கான்டெக்ஸ்ட்' கட்டுரையோடுதான் (1971 மாண்ட்ரியல் உரை). அதன் படிகளை நேர்மையாக வைக்கிறேன்.

குறி ஒன்று குறியாக இருக்க வேண்டுமானால் மறுபடி வரும்போது 'அதே குறி' என்று அடையாளம் தெரிய வேண்டும். அப்படியானால் எந்தக் குறிப்பிட்ட பெறுநரும் அனுப்புநரும் இல்லாமலும் அது இயங்கக்கூடியது. இந்தச் சாத்தியம் விபத்தல்ல, நிபந்தனை. பேச்சுக்கும் இது பொருந்தும். இதுவரை ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்க மெய்யியலாளர் ஜான் சேர்லும் அதற்கு எழுதிய 1977 பதிலில் இதுவரை பெரிதாகத் தகராறு செய்யவில்லை: இது வகைக்கும் (ஒரு சொல்) அதன் நிகழ்வுக்கும் (அந்தச் சொல் ஒவ்வொரு முறை வருவது) உள்ள பழைய வேறுபாடு, எந்தக் குறியமைப்புக்கும் பொது, இதில் புதுமை என்ன என்றுதான் கேட்டார். எழுதிய தாள் நீடித்திருப்பதையும் குறி மறுபடி வருவதையும் தெரிதா குழப்புகிறார் என்றார்.

ஆனால் கடைசிப் படி: ஆகவே எந்த ஒரு கூற்றிலும் பேசுபவரின் எண்ணம் முழுதாக அங்கே இருப்பதில்லை. இது எங்கிருந்து வந்தது? 'தவறிப்போகும் சாத்தியம் எப்போதும் உண்டு' என்பதிலிருந்து 'ஒவ்வொன்றும் கொஞ்சம் தவறிவிட்டது' என்பது வராது. சாத்தியத்தை நடப்பாகக் கணக்கெழுதுகிறார்கள்.

14. மெய்ப்பாளர்

வாதத்தின் மெலிந்த இடத்தைச் சரியாகத்தான் தொட்டிருக்கிறீர்கள். இருந்தாலும் சேர்லின் வகை – நிகழ்வு பதில் போதாது. வகை என்பது மாறாத அச்சு, நிகழ்வுகள் அதன் நகல்கள் என்று அது கொள்கிறது. தெரிதா சொல்வது திரும்ப வருதல், ஒவ்வொரு முறையும் வேறாகி வருதல். நீடித்திருத்தல் அல்ல என்று 1977 மறுமொழியில் தெளிவாகப் பிரித்தும் காட்டுகிறார்.

கையொப்பத்தைப் பாருங்கள். ஆவணம் சோதிக்கும் தடயவியலாளர்கள் அறிந்த விஷயம்: ஒரே ஆள் போட்ட இரண்டு உண்மையான கையொப்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று துல்லியமாகப் பொருந்துவதில்லை. கோட்டின் அழுத்தம், சாய்வு, எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி, பேனா தாளில் இறங்கும் இடம், எடுக்கும் இடம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மாறும். இம்மி பிசகாமல் பொருந்தினால் அப்போதுதான் சந்தேகம் வரும், மேலே தாள் வைத்து வரைந்திருக்கிறார்கள் என்று. ஆக கையொப்பம் செல்ல வேண்டுமானால் அது முந்தையதைப் போல இருக்கவும் வேண்டும், அப்படியே இருக்கவும் கூடாது. போலச்செய்ய முடியாத ஒரு கீறல் கையொப்பமே ஆகாது, சரிபார்க்க எதுவும் இருக்காதே. அதைச் செல்லுபடியாக்குவதும் போலிக்கு இடம்கொடுப்பதும் ஒரே பண்பு. 'சாத்தியம் நிபந்தனை' என்பதன் பொருள் இதுதான். எல்லாக் கையொப்பமும் பாதி போலி என்று எங்கும் சொல்லவில்லை.

எண்ணம் பற்றியும் அவர் கட்டுரையிலேயே அடக்கமாகத்தான் சொல்கிறார்: எண்ணம் மறைந்துவிடாது, அதற்கு ஓர் இடம் இருக்கும், ஆனால் அங்கிருந்துகொண்டு கூற்றின் களம் முழுவதையும் ஆள முடியாது. நீங்கள் மறுக்கும் கடைசிப் படி இந்த அளவில் வைத்தால் நிற்கும். ஆதரவாளர்கள் அதைப் 'பொருளே இல்லை' என்று ஊதிவிடுகிறார்கள்.

15. எதிர்வழக்கு

இந்த அளவில் வைத்தால், அந்தக் கட்டுரை கேள்விக்குள்ளாக்கும் ஆங்கில மெய்யியலாளர் ஆஸ்டினே ஒப்புக்கொள்வார் என்பது என் சந்தேகம். அப்படியானால் இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு?

16. அலைவரி

இயந்திரம் எழுதும் காலத்தில் இந்தச் சண்டை புதிதாகிவிட்டது. சொற்களை மற்றச் சொற்களிலிருந்து உள்ள தொலைவால் மட்டும் அடையாளம் காணும் மென்பொருள், ஒவ்வொரு சொல்லையும் எண்களின் நீண்ட வரிசையாக வைத்திருக்கிறது. 'மொழியில் வேறுபாடுகள் மட்டுமே உண்டு' என்ற சசூரின் வாக்கியம் அப்படியே நிரலாகிவிட்டதே! தெரிதா வென்றுவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

17. ஓலைநறுக்கு

அவசரப்படாதீர்கள். இரண்டு வேறு விஷயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அனுப்புநர் இல்லாவிட்டாலும் குறி இயங்கும் என்பது ஒன்று. அனுப்புநர் ஒருபோதும் இல்லாமலே குறி பிறக்கும் என்பது வேறொன்று. முன்னதுதான் தெரிதாவின் வாதம்.

பின்னதுக்கு நேரான சோதனை 1982இல் நாப், மைக்கேல்ஸ் என்ற இலக்கியத் திறனாய்வாளர்கள் இருவரும் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. கடற்கரை மணலில் வேர்ட்ஸ்வொர்த் கவிதையின் முதல் பத்தி எழுதியிருக்கக் காண்கிறீர்கள். ஓர் அலை வந்து திரும்புகிறது, அடியில் இரண்டாம் பத்தி. எழுதியது யாருமில்லை என்று நம்பிய கணமே அது மொழி என்ற தகுதியை இழக்கிறது, மொழியைப் போலத் தெரியும் கோடுகளாகிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். எதிர்த்தரப்பு கேட்பது: அலை போட்டதென்று தெரிந்த பிறகும் அந்த இரண்டாம் பத்தியைப் படித்துப் புரிந்துகொண்டீர்களா இல்லையா? புரிந்தது என்றால், நீங்கள் வாசித்தது அலையையா, அந்தச் சொற்கள் முன்பு எங்கெங்கோ வந்த வழக்கையா?

மென்பொருள் விஷயத்தில் இன்னும் ஒரு சிக்கல் கூடுதல். அந்த எண்கள் கோடிக்கணக்கான மனிதர் எழுதியவற்றிலிருந்து எடுத்தவை. மணல் அல்ல அது. அலை உவமையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பொருத்த முடியாது.

18. ஒலிப்பதிவு

சசூரின் வேறுபாடு ஒரு மூடிய அமைப்புக்குள், இத்தனை உறுப்பு என்று எண்ணி வைத்தது. மென்பொருளில் உள்ளது புள்ளியியல் அண்மை. இரண்டையும் ஒன்றாக்குவது மேம்போக்கு.

19. சிறுகோடு

எல்லாருக்கும் நன்றி. மெய்ப்பாளர் சொன்னபடி ஒன்று முயன்றேன். அரிஸ்டாட்டிலின் 'விளக்கம் பற்றி' நூலின் தொடக்கம், 16ஏ. ஒலிகள் மனப்பதிவின் குறிகள், எழுதியவை ஒலிகளின் குறிகள். எழுத்து எல்லாருக்கும் ஒன்றல்ல, ஒலியும் ஒன்றல்ல, மனப்பதிவுகள் எல்லாருக்கும் ஒன்றே. உயர்த்தப்பட்டது மனப்பதிவு, தாழ்த்தப்பட்டது எழுத்து. ஆனால் 'மனப்பதிவு' என்ற சொல்லே ஏதோ ஒன்று பதிந்ததைச் சொல்கிறது. பதிவது எழுத்தின் வேலை. ஆகவே மனத்திலேயே எழுத்து இருக்கிறது. தேறுமா?

20. மெய்ப்பாளர்

தேறாது. எங்கே உடைகிறது என்று காட்டுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

'பதிவு' நம் மொழிபெயர்ப்பில் வந்த உருவகம். கிரேக்க மூலத்தில் இருப்பது ஆன்மா பட்டறிந்தவை, அதற்கு நேர்ந்தவை என்ற பொருள். முத்திரை குத்துவது அதில் இல்லை. நினைவை மெழுகில் முத்திரை விழுவதுபோல என்று அரிஸ்டாட்டில் சொல்வது வேறு நூலில். அதை இங்கே கொண்டுவர வேண்டுமானால் இரண்டு பிரதிக்கும் தொடர்பை முதலில் நிறுவ வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல், பட்டியலைப் பூட்டாமல் இறங்கிவிட்டீர்கள். இந்தச் சில வரிகளில் எழுத்தின்மேல் என்ன குற்றச்சாட்டு இருக்கிறது? ஒன்றுமில்லை. எல்லாருக்கும் ஒன்றல்ல என்ற குறை எழுத்துக்கும் ஒலிக்கும் சேர்த்தே சொல்லப்படுகிறது. வசை இல்லை, விலக்கல் இல்லை, வரிசை மட்டும் இருக்கிறது. பட்டியல் காலியாக இருக்கும் பிரதியில் கட்டவிழ்ப்புக்கு வேலையில்லை. தெரிதாவும் இந்த வரிகளை மரபின் தொடக்கக் கல்லாக மேற்கோள் காட்டுகிறாரே தவிர, ஃபீட்ரஸ் மாதிரி உட்கார்ந்து பிரிக்கவில்லை.

பழகுவதற்கு ஆஸ்டினை எடுங்கள். சொல்வதே செயலாகிவிடும் கூற்றுகள் (வாக்குக் கொடுப்பது போல) பற்றிய 1955 ஹார்வர்ட் உரைகள், 1962இல் நூலானது. இரண்டாம் உரையில் ஒரு பத்தி போதும். மேடையில் நடிகர் சொன்னால், கவிதையில் வந்தால், தனக்குத் தானே பேசினால் அந்தக் கூற்று வெறுமையானது, இயல்பான பயன்பாட்டின்மேல் ஒட்டுண்ணி என்கிறார். குற்றச்சாட்டு ஆசிரியர் வாயாலேயே இருக்கிறது. பட்டியலில் இரண்டே வரி எழுதிப் பூட்டுங்கள். பிறகு அதே நூலில் வெற்றிபெறும் கூற்றுக்கு அவர் போடும் முதல் நிபந்தனையைப் பாருங்கள்: ஏற்கெனவே வழக்கில் உள்ள சடங்கு முறை ஒன்று இருக்க வேண்டும், குறிப்பிட்ட சொற்களைச் சொல்வது அதில் அடங்கும். திருமண மண்டபத்தில் சொல்லும் 'சம்மதம்' முன்பே இருக்கும் ஒரு வாய்பாட்டை எடுத்துச் சொல்வதாக இல்லாமல் செல்லுமா என்று நீக்கிப் பாருங்கள்.

21. எதிர்வழக்கு

செய்யும்போது ஒன்றை மறக்காதீர்கள் சிறுகோடு. ஆஸ்டின் அதே பத்தியில் 'இப்போதைக்கு இவற்றை விலக்கி வைக்கிறோம்' என்ற பொருளில்தான் பேசுகிறார். சேர்லின் பதிலில் பாதி அந்த 'இப்போதைக்கு' மேல் நிற்கிறது. அரைப் பக்கச் சுருக்கத்தில் அது இல்லையென்றால் நான் மறுபடி வருவேன்.